ஒரு கைச் சாப்பாடு

லாரியின் கதவைத் திறந்ததுமே நாற்றம் அவள் முகத்தில் அறைந்தது. சட்டென்று மூக்கைச் சுளிக்கிற ஆள் இல்லை அவள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவைக்கூடத்தில் வேலை. யார் ரத்தமோ, யார் வாந்தியோ, உதறி மெஷினுக்குள் தள்ளிவிட்டு அடுத்த மூட்டையைப் பிரிக்கிறவள். அவளுக்கே குமட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்காரர் ஓட்டுகிற வண்டிதான். ஆனாலும் அதற்குள் அவள் ஏறுவது இதுதான் முதல் தடவை. மறுநாள் டாக்டரம்மா சரியென்று சொல்லிவிட்டால், உடம்பு இளைக்க அவருக்கு ஆபரேஷன் தேதி கிடைத்துவிடும். இரைப்பையில் பெரும்பங்கை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தைத்துவிடுவார்களாம். அவர் தேறி வரும்வரை வேறொருவர் வண்டியை ஓட்டுவார், சுத்தம் செய்து ஒப்படைக்க வேண்டும் என்று லாரிக் கம்பெனி மேனேஜர் சொல்லியிருந்தார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். குனிந்து செருப்பு வாரைக்கூட மாட்ட முடியாத மனுஷன் எதைப் போய்த் துடைப்பார்? அவர் ஆபீசுக்குள் கையெழுத்துப் போடப் போன நேரத்தில் இவள் வாளியும் துணியுமாக ஏறிவிட்டாள்.

ஸ்டியரிங் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. அதன் கீழ்ப்பக்கம் மட்டும், வயிறு உரசி உரசி, பளபளவென்று தேய்ந்திருந்தது. கியருக்குப் பக்கத்துக் குழியில் கோழி எலும்பும் உருளை வறுவல் துகளும் சேர்ந்து சேறாகிக் கிடந்தன. சீட்டுக்கு அடியில் மூடி திருகிய பாட்டில்கள். பழச்சாறு என்று ஒன்றைத் தூக்கியவள், வெதுவெதுப்பும் நிறமும் உறைத்ததும் கையை உதறினாள். இறங்கிப் போய் ஒண்ணுக்கு இருக்கக்கூடவா முடியாது?

ஆனால் நாற்றம் பாட்டிலிலிருந்து வரவில்லை. பின்னால், படுக்கைக்கு அடியிலிருந்து வந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தாள். டப்பாக்கள். நீல மூடி போட்ட, அவளுடைய சாப்பாட்டு டப்பாக்கள். ஒன்றின்மேல் ஒன்றாக, சுவரோரம் வரைக்கும். சிலவற்றின் மூடி உப்பிப்போயிருந்தது. ஒன்றைத் திறந்துதான் பார்த்தாள். முட்டையும் காயும் அவித்து வைத்தது கறுப்பு மயிர் முளைத்த கூழாகியிருந்தது. அதற்குள் ஏதோ நெளிந்தது. படியில் கால் வைத்தாளோ இல்லையோ, தரைக்கு வந்து டயர் ஓரமாக வாந்தி எடுத்தாள்.

தினமும் விடியுமுன் எழுந்து அவித்தது. எண்ணெய் இல்லாமல், உப்புக் குறைத்து, அளந்து அளந்து கட்டியது. ஆபரேஷனே வேண்டாம், சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு பண்ணினால் தானாக இளைக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை. டாக்டரம்மாவும் முதலில் அதைத்தான் செய்து பார்க்கச் சொன்னார். செய்தும் பலன் இல்லையென்றால் கத்தி என்றார். வீட்டுக்காரர் தவறாமல் டப்பாவைக் கொண்டு போனார். சாயங்காலம் கழுவித் துடைத்துக் கொண்டு வந்தார். உடம்பு மட்டும் இம்மி குறையவில்லை.

அவள் தன் தலையெழுத்தை நொந்துகொண்டாள். ஆபரேஷன் என்றாலே அவளுக்குப் பயம். அவருடைய கூட்டாளி ஒருத்தர், ‘டிரம்’ என்று கூப்பிட்டதுபோய் ‘பென்சில்’ ஆனவர், ஆபரேஷன் செய்துகொண்டவர். வீட்டுக்கு வந்தபோது சட்டையைத் தூக்கிக் காட்டினார். காற்றுப் போன டியூப் மாதிரி தோல் மடிந்து மடிந்து தொங்கியது. நாலு வாய் வேகமாக விழுங்கிவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடி ஓங்கரித்தார். திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டு, “இதுவும் ஒரு சுகம்தான் தங்கச்சி” என்று சிரித்தார். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரருக்கோ அந்தத் தொங்கல் தோல்கூட வரமாகத் தெரிந்தது. தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வந்தது. பகலிலும் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகியது. ஒரு வெட்டில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஆபீசிலிருந்து அவர் ஆடி அசைந்து வந்தார். கீழே அவள் இறக்கி வைத்திருந்த டப்பாக்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“அப்ப தெனமும் கழுவிக் கொண்டு வந்தது எந்த டப்பாங்க?”

“கடையில அதே மாதிரி கெடச்சுது. வாங்கினேன்.”

அவளுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. சாப்பிடாத டப்பாவை மறைக்க, புது டப்பா வாங்கி, அதை நனைத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்திருக்கிறார். அடுப்படி வேலையில் அக்கறையான மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு அடித்திருக்கிறாள்.

“தூக்கி எறிஞ்சிருக்கலாமே?”

“நீ கஷ்டப்பட்டுக் கட்டினது. குப்பையில போட மனசு வரல.”

“அழுக விட மட்டும் மனசு வந்துச்சாக்கும்.”

அவர் தலையைத் தொங்கப்போட்டார். பிறகு மென்று விழுங்கிச் சொன்னார். சாப்பாடு பிடிக்காமல் இல்லையாம். லோடு இறக்க நேரம் குறித்துக் கொடுத்துவிடுகிறார்களாம், தப்பினால் வரிசையில் கடைசி. அதனால் வண்டியை நிறுத்துவதே இல்லை. ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை வாயில். அவள் கட்டியதோ கரண்டி கேட்கிற சாப்பாடு. மடியில் வைத்தால் கொட்டும், கிளறினால் சிதறும். ஒரு கையால் பிடித்துக் கடிக்கிற மாதிரி கிடைப்பதெல்லாம் பொரித்ததுதான். பாட்டில் சமாச்சாரமும் அதே கணக்குத்தான் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவளுக்கு அவர்மேல் வந்த அருவருப்பில் கொஞ்சம் தன்மேலும் திரும்பியது. இத்தனை நாள் அளந்தாளே, எந்தக் கையால் சாப்பிடுவார் என்று ஒரு தரமாவது கேட்டாளா?

“டாக்டர்கிட்ட இதச் சொல்லிடாதம்மா,” என்றார். “எல்லாம் செஞ்சு பாத்தாச்சுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா தேதி தர மாட்டாங்க.”

மறுநாள் டாக்டரம்மா சிரித்த முகமாகத்தான் கேட்டார். வீட்டுச் சாப்பாடு ஒழுங்காகப் போனதா என்றார். போனது என்றார் இவர். டாக்டரம்மா பேனாவை எடுத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று, உட்கார்ந்த இடத்தில் நிதானமாகச் சாப்பிட வேண்டும். அவசரப்பட்டால் அப்படியே எதிர்த்துக்கொண்டு வந்துவிடும்.

அவளுக்கு அந்தக் கேபின் கண்முன் வந்தது. தைத்த வயிற்றோடு அவர் ஒரு கையால் எதையோ திணிக்கிறார், இன்னொரு கையால் ஓட்டுகிறார், ஓட்டிக்கொண்டே வாந்தி எடுக்கிறார்.

சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும். அவள் ஆசைப்பட்டதும் அதுதானே? அதற்காகத்தான் காட்டிக் கொடுக்கிறாள் என்று காலம் பூராவும் அவர் குத்திக் காட்டலாம். குத்தட்டும்.

“அவர் சாப்பிடல, மேடம். நான் கட்டின எதையும் சாப்பிடல. எல்லாம் வண்டியிலயே கெட்டுக் கெடந்துச்சு.”

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி, டாக்டரைப் பார்த்துப் பேசினார்.

“இன்னொண்ணும் இருக்கு, மேடம். இவளுக்கே தெரியாது. போன மாசம் ஓட்டிக்கிட்டிருக்கும்போதே தூங்கிட்டேன். கம்பித் தடுப்புல உரசி, அந்தச் சத்தத்துலதான் முழிச்சேன்.”

வண்டியின் பக்கவாட்டில் இருந்த கீறல் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெயின்ட் கீறலுக்கு அவர் என்னென்னவோ கதை சொல்லியிருந்தார்.

டாக்டரம்மா திட்டவில்லை. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். ஆபரேஷன் ஒரேயடியாக வேண்டாம் என்றில்லை, இப்போது வேண்டாம். முதலில் தூங்கும்போது மாட்டிக்கொள்ள மூச்சு மெஷின். வண்டியை நிறுத்தி, உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம். வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் அது வேண்டும் என்றார். தூக்கம் சரியாகிற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

வெளியே பெஞ்சில் அவர் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். வேர்வையும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. அவள் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். ஒட்டி உட்கார அவளால் முடியவில்லை.

“சொல்லிட்டயே,” என்றார்.

“நீங்களும்தான்.”

அவர் போன் அடித்தது. மேனேஜர். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடித்து ஓயப் போகிற நேரத்தில் எடுத்து, ஆபரேஷன் இப்போது இல்லை என்றார். அப்படியென்றால் திங்கட்கிழமை லோடு இருக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்று அந்தப் பக்கத்துக் குரல் சந்தோஷமாகச் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“இல்ல சார். எடுக்க முடியாது. ஓட்டும்போது தூங்கிடறேன்.”

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் பதிலுக்குக் காத்திருந்தார். அவள் நடுவில் விட்ட இடத்தைப் பார்த்தாள். வாடை அப்படியேதான் இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு அவள் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.