குடி என்ற கட்டம்

“குடி இருக்கா எண்டு கேட்டா நான் என்ன சொல்ற புள்ள? குடி இல்லாத ஆள் இந்த ஊரில ஆரு?”

“அந்தக் குடி இல்லையக்கா. சாராயம், கள்ளு, அப்பிடி.”

புருஷனின் குடியை, தாய்வழியாக வரும் குலப்பெயரை, சொல்ல வாயெடுத்திருந்த அன்னப்பூரணி அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

“தொடமாட்டார். நானும் ரெண்டு வருஷமாத் தேடுறன்.”

எதிரே அஜந்தா என்ற அந்த யாழ்ப்பாணத்து டொக்டர் மடியில் படிவத்தோடு, ‘குடி’ என்ற கட்டத்தை இன்னும் நிரப்பாமல் இருந்தாள். குடும்பத்துக்குள் வழிவழியாக வந்து, நரம்பை வருஷக்கணக்கில் அரிக்கிற நோய்களைப் பற்றிக் கொழும்பில் ஆராய்ச்சி செய்கிறவளாம். ஆரையம்பதியில் இத்தனை ஒழுங்கை இருக்க, நேரே இந்தப் படலைக்கு எப்படி வந்தாள்? அன்னப்பூரணிக்கு அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

முற்றத்தில் புருஷன் அருமைநாயகம் மணலில் கீறிய கோட்டின்மேல் நடந்து காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பாதத்தின் விரலோடு மற்றதன் குதிக்காலை ஒட்டி ஒட்டி வைக்கச் சொல்லியிருந்தாள் டொக்டர். முப்பது வருஷம் தோணியில் நின்று வாவியில் வலை வீசிய மனிதர், நாலாவது அடியில் சரிந்து வேலிக்கம்பைப் பிடித்தார்.

“காத்து பெலத்துக் கிடக்கு,” என்றார்.

முருங்கையில் ஓர் இலைகூட அசையவில்லை.

இரண்டு வருஷமாக இந்தத் தள்ளாட்டம். ஊர் அதற்குச் சாராயம் என்று பெயர் வைத்தது. அன்னப்பூரணியும் நம்பினாள். வலைக்கூடை, கூரை இறவாரம், தோணித்துறைக் கண்டல் பற்றை என்று அவள் கிளறாத இடமில்லை. அவர் உறங்கும்போது வாயை மோந்தும் பார்த்தாள். அகப்பட்டது ஒரே ஒரு போத்தல். அதில் மண்ணெண்ணெய் இருந்தது. ஆள் எவ்வளவு பெரிய கள்ளன் என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

“எங்கட வீட்ட உங்களுக்கு ஆரு காட்டின?”

“வெல்லாவெளியில, இவற்ற தமையன் வீட்டில சொன்னவை.”

தமையன் வயல் வரம்பில் விழுந்து விழுந்து எழும்பி, கடைசியில் படுத்த பாயிலேயே போனவர். அவரையும் குடிகாரன் என்றுதான் ஊர் தூக்கிக்கொண்டு போனது. ஆனால் வெல்லாவெளி என்றதும் அன்னப்பூரணிக்கு வேறொன்று உறைத்தது. ஆவணியில் மகள் சுலோஜனாவைக் கட்டப்போகிற உதயரூபனின் தாய்க்கும் அதே ஊர். சம்பந்தி ஆள்விட்டுப் பார்க்கிறாளோ?

எட்டித் தாளைப் பார்த்தாள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் என்று கோடிழுத்துக் குடும்பத்தையே வரைந்திருந்தது. தமையனின் சதுரம் முழுக்கக் கறுப்பு. அடுத்து அருமைநாயகத்தின் சதுரம், அதில் பாதிக் கறுப்பு. அதன்கீழே ஒரு வட்டம், உள்ளே கேள்விக்குறி.

“இதாரு?”

“உங்கட மகள்.”

“அவள் என்ட குடி. அவர் வேற குடி. அவர்ர வீட்டு வருத்தம் அவளுக்கு எப்பிடி வரும்?”

“குடி தாய்வழி, அக்கா. இந்த வருத்தம் அப்பிடிப் பார்க்காது. தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரலாம், வராமலும் விடலாம். பாதிக்குப் பாதி. இரத்தம் பார்த்தாத்தான் தெரியும்.”

“இந்தத் தாள ஆரெல்லாம் பாப்பாங்க?”

“வெளியில ஒருத்தரும் பார்க்கமாட்டினம்.”

“வெல்லாவெளியில எழுதினது இஞ்ச வந்திருக்கே.”

அஜந்தா பேனாவை மூடினாள். பிறகு திறந்தாள்.

சுலோஜனா தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பை தட்டில் கிணுகிணுத்தது. தட்டிலும் கொஞ்சம் சிந்தியிருந்தது. சில மாதமாக இப்படித்தான். கல்யாண நினைப்பு என்று அவளைக் கேலி பண்ணியவளே அன்னப்பூரணிதான். இன்று மகளின் கையைப் பார்த்தாள். திரும்பிப் போகையில் காலைப் பார்த்தாள். வாசற்படியில் சுலோஜனா கதவுநிலையைப் பிடித்தாள். எப்போதும் பிடிப்பாள்தான். எப்போதுமா?

அன்னப்பூரணி கதிரையை டொக்டர் பக்கம் நகர்த்திக் குரலைத் தாழ்த்தினாள்.

“முந்திச் சொன்னது பொய் புள்ள. இவர் குடிக்கிறவர். நெடுகக் குடிக்கிறவர்.”

“இப்பதானே தொடமாட்டார் எண்டு சொன்னீங்கள்?”

“ஒளிச்சுக் குடிக்கிறவர். ஊரில ஆரக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

முற்றத்தில் அருமைநாயகம் மறுபடி கோட்டின் தொடக்கத்துக்கு வந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“படிவத்தில அந்தக் குடிக் கட்டம் சும்மாதானே கிடக்கு. அதில குடி எண்டு எழுதிவிடுங்க புள்ள. ஆவணி முடியுமட்டும் அப்பிடியே கிடக்கட்டும்.”