மனித உடற்பாகத்தை ஒத்த பொருள்

அந்தக் கடிதம் போலி என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குடிநீர் அலுவலகத்தின் தபால் பிரிவில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள் நான். வந்த கடிதத்துக்கு எண் போடுவதும் போகிற கடிதத்துக்கு முத்திரை குத்துவதுமாகப் பாதி ஆயுள் போயிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் யார் என்ன காகிதம் நீட்டினாலும் முதலில் அதன் ஓரங்களைத்தான் பார்ப்பேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது பிறகுதான்.

விமான நிலையத்திலிருந்து என் கணவர் பெயருக்கு வந்திருந்தது. "தங்கள் பயணப் பையிலிருந்து பாதுகாப்புச் சோதனையின்போது தனியே எடுக்கப்பட்ட, மனித உடற்பாகத்தை ஒத்த பொருள் ஒன்று இவ்வலுவலகப் பொறுப்பில் உள்ளது. இக்கடிதத்தின் மூலப்பிரதியுடனும் அடையாளச் சான்றுடனும், கடிதத் தேதியிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் நேரில் வந்து விளக்கமளித்துப் பெற்றுக்கொள்ளவும். தவறினால் பொருள் அழிக்கப்படும்."

கோப்பு எண்ணில் வருடம் இல்லை. தேதியை அடித்துத் திருத்தியிருந்தார்கள், திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் இல்லை. முத்திரை கையெழுத்தின் மேல் விழாமல் தனியாக ஒரு மூலையில் கிடந்தது. இதெல்லாம்கூடப் போகட்டும். எல்லாவற்றுக்கும் கீழே யாரோ பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "பத்திரமாக இருக்கிறது. பயப்பட வேண்டாம்."

அந்த வரிதான் காட்டிக்கொடுத்தது. இருபத்தாறு வருடத்தில் எந்த அலுவலகமும் யாரையும் பயப்பட வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. பயப்படட்டும் என்றுதானே கடிதமே எழுதுகிறார்கள். கீழ் வீட்டு நர்ஸுக்குப் போன மாதம் இப்படித்தான் ஒன்று வந்தது. பாவம், அடையாளச் சான்றைக் காட்டப்போய், அவள் பெயரில் யாரோ நாலு கைபேசி இணைப்பு வாங்கிவிட்டார்கள்.

இவரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். விரலெல்லாம் வெள்ளையாக, பிளாஸ்டர் காய்ந்த கையோடு நின்று கேட்டார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உள்ளே போய்விட்டார். நான் சிவப்புப் பேனாவை எடுத்து, கடிதத்தின் நடுவில் குறுக்காகப் 'போலி' என்று எழுதி, அடிக்கோடும் போட்டு, கோப்பில் சேர்த்தேன். காகிதத்தைக் கிழிக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

இவருக்குப் பல் செட் கட்டுகிற வேலை. பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் முன்னறையில் உட்கார்ந்து மெழுகில் ஈறு வைத்து, பல் பதித்து, தேய்த்து அனுப்புவார். யார் வாய்க்குள் போகிறது என்று இவருக்குத் தெரியாது. தெரிந்த வாய் ஒன்றே ஒன்றுதான். வெளிநாட்டில் மகன் வீட்டில் இருக்கும் இவருடைய அக்கா.

அக்காவுக்குக் கீழ்த்தாடை ஈறு தேய்ந்துபோய் எந்த செட்டும் நிற்கவில்லை. அங்கே இரண்டு மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஆறு மாதமாக எல்லாவற்றையும் கரைத்துத்தான் குடிக்கிறார். கைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறார். பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டு, தூங்குகிறேன் என்று சொல்லச்சொல்லிப் பேரனிடம் கைபேசியைக் கொடுத்துவிடுகிறார். அதைப் பொறுக்க முடியாமல்தான் இவர் தானே பத்து நாள் போய், அச்சு எடுத்து, மேல்தாடை ஒன்று கீழ்த்தாடை ஒன்றாகப் பிளாஸ்டரில் வார்த்து, துண்டில் சுற்றி, குழந்தையை ஏந்துவதுபோல் கைப்பையில் ஏந்தி வந்தார்.

இங்கே வந்து இறங்கியதும் பையை இயந்திரத்துக்குள் விட்டிருக்கிறார்கள். திரையில் தாடை தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். இது யாருடையது என்று கேட்டதற்கு இவர், "எங்க அக்காவுதுங்க" என்றிருக்கிறார். அக்கா எங்கே என்று கேட்டதற்கு, "அவங்க அங்கேயே இருக்காங்க" என்றிருக்கிறார். அவ்வளவுதான், நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, காலுறையைக் கழற்றச் சொல்லி, ஒன்றரை மணி நேரம். வீட்டுக்கு வந்து இதை அவர் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரிப்பு அவர் கண்வரை போகாததை அன்றைக்கு நான் பார்த்தேனா, இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேனா என்று தெரியவில்லை.

கடிதம் வந்த ஐந்தாம் நாள் காலை, தேநீர் கொண்டுபோனேன். மேசைமேல் மேல்தாடை அச்சு இருந்தது. அதன்மேல் மெழுகும் பல்லும் அழகாக ஏறியிருந்தன. கையில் கீழ்த்தாடையை மெழுகில் வளைத்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவுவார், கொஞ்சம் சுரண்டுவார், மறுபடி மூடிக்கொள்வார். மெழுகுக்கு அடியில் அச்சு இல்லை. வெறும் கை இருந்தது.

முப்பத்தொரு வருடமாக இந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அச்சு இல்லாமல் யாரும் மெழுகு வைப்பதில்லை.

"கீழ் அச்சு எங்கங்க?"

அவர் கண்ணைத் திறந்தார். "வரல."

"வரலைன்னா?"

"அங்க வேற மேசைக்குக் கொண்டுபோய் ஏதோ தேச்சுப் பாத்தாங்க. போகலாம்னு சொன்னதும் பையைத் தூக்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து துண்டைப் பிரிச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். கடிதம் முழுவதும் எனக்கு மனப்பாடம். மனித உடற்பாகத்தை ஒத்த பொருள். ஓரங்களை அவ்வளவு பார்த்தவள், நடுவில் இருந்ததைப் படிக்கவே இல்லை.

கடிதத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்குமே, ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அவர் மெழுகைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ அவ்வளவு அழகா காரணம் அடுக்கின. பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும்னு இருந்துது. மறுபடி அங்க போய் நிக்கணுமே."

அக்காவிடம் என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டேன். இன்னும் இரண்டு வாரத்தில் தயார் என்று சொல்லியிருக்கிறாராம். அக்கா அன்றைக்குக் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாராம்.

"எங்க அக்கா வாய் எனக்குத் தெரியாதா? கையாலயே வச்சிடலாம்னு பார்த்தேன்" என்றார்.

எனக்கு அந்த வாயைப் பற்றி வேறு ஒன்று தெரியும். கல்யாணமான முதல் வாரம், அடுத்த அறையில் நான் இருப்பது தெரிந்தோ தெரியாமலோ, என் நாத்தனார் யாரிடமோ சொன்னார்: "நம்ம தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சிரிச்ச முகமா பார்த்திருக்கலாம்." அதற்குப் பிறகு அவர் எனக்கு எவ்வளவோ செய்திருக்கிறார். என் பிரசவத்துக்கு வந்து இரண்டு மாதம் இருந்தார். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தை நான் எண் போட்டு, தேதி போட்டு, உள்ளே வைத்திருக்கிறேன். கடிதத்தைப் போலி என்று முடிவு கட்டிய வேகத்தில் அதுவும் கொஞ்சம் இருந்ததோ என்று முக்காலியில் உட்கார்ந்தபடி யோசித்தேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கோப்பை எடுத்துத் தேதியைக் கூட்டினேன். தபாலில் தாமதமாக வந்த கடிதம். மறுநாளோடு பதினைந்து நாள் முடிகிறது. மூலப்பிரதி வேண்டும். மூலப்பிரதியின் நடுவில் சிவப்பாக, அடிக்கோட்டோடு, என் கையெழுத்து.

மறுநாள் காலை முதல் பேருந்தில் போனோம். வழி முழுவதும் அவர் கைப்பையின் வாரைச் சுருட்டுவதும் விடுவதுமாக வந்தார். நான் அவர் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பேருந்தில் அப்படியெல்லாம் உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது.

அலுவலகம், வருகைப் பகுதிக்குப் பின்னால் ஒரு நீள அறை. சுவரோரம் அலமாரிகளில் குடை, காலணி, தள்ளுவண்டி, பாதி உடைந்த பொம்மைகள், எல்லாவற்றுக்கும் நூலில் கட்டிய சீட்டு. சீட்டுகள் ஒரே கையெழுத்தில், எண் பிசகாமல் இருந்ததை என் கண் தானாகப் பார்த்துவிட்டது. மேசையில் முப்பது வயதுப் பெண் அதிகாரி ஒருத்தி. கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இதுல போலின்னு யார் எழுதினது?"

"நான்தாம்மா" என்றேன். இவர் பாதி எழுந்துவிட்டார். நான் தோளை அழுத்தி உட்காரவைத்தேன்.

"எதைப் பார்த்து அப்படி எழுதினீங்க?"

சுற்றி வளைக்காமல் சொன்னேன். முத்திரை, தேதி, எல்லாம் சொல்லிவிட்டு, கடைசி வரியையும் சொன்னேன். எந்த அலுவலகத்திலும் அப்படி எழுத மாட்டார்கள் என்றேன்.

அவள் முகம் சிவந்தது. "எங்க மேலதிகாரியும் அதையேதான் சொன்னார். ஆனா அன்னிக்கு ஐயா காலுறையைக் கையில வச்சுக்கிட்டு நின்னது என் கண்ணை விட்டுப் போகல. வெறும் கடிதத்தைப் பார்த்தா இவர் வரவே மாட்டார்னு தோணுச்சு. அதான் எழுதினேன்."

வாழ்நாளில் முதல் முறையாக ஒரு அரசாங்கக் கடிதத்தின் முன்னால் எனக்குத் தலை குனிந்தது.

அப்புறம் அவள் தன் வேலையைச் செய்தாள். பொருள் இவருடையதுதான் என்று பதிவேட்டில் எழுத ஏதாவது ஆதாரம் வேண்டுமாம். கொண்டுபோயிருக்க வேண்டிய மேல்தாடை அச்சு வீட்டில் மேசைமேல் இருந்தது. இரண்டு பேருக்கும் பதற்றத்தில் தோன்றவில்லை. அவள் பெட்டியைத் திறக்காமல் தன் பக்கம் வைத்துக்கொண்டு, அப்படியானால் அடையாளம் சொல்லுங்கள் என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரல் மேசைமேல் மெதுவாக நகர்ந்தது.

"வலப்பக்கம் ஈறு கொஞ்சம் மேடா இருக்கும். இடப்பக்கம் சுத்தமா தேஞ்சிருக்கும், கத்தி முனை மாதிரி. நடுவுல நாக்குக்குக் கீழ ஒரு நரம்பு, அது நேரா இருக்காது, இடது பக்கமா சாஞ்சு இருக்கும். கடைவாய்கிட்ட ஒரு பள்ளம். எனக்கு நாலு வயசுல என்னைத் தூக்கிட்டுப் படியிறங்கும்போது அக்கா விழுந்துட்டா. என்னை மேல தூக்கிப் பிடிச்சதால கையை ஊன முடியல. தாடை போய் இடிச்சுது. அந்த எலும்பு அப்படியே கூடிப்போச்சு."

அந்தப் பெண் பெட்டிக்குள் பார்த்தபடி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு அதையும் எழுதினாள்.

இந்தக் கதை எனக்குத் தெரியாது. முப்பத்தொரு வருடத்தில் அவரும் சொல்லவில்லை, அவர் அக்காவும் சொல்லவில்லை.

அவள் பெட்டியை என் பக்கம்தான் நகர்த்தினாள், நான் அருகில் இருந்ததால். பஞ்சில் வைத்திருந்தாள். எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. என் விரலுக்கு அந்தப் பள்ளம் தட்டுப்பட்டது. இதைத் தொட்டுக்கொண்டு யார்மேலும் கோபமாக இருப்பது கஷ்டம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கைகூடக் கழுவாமல், தான் மெழுகில் வைத்திருந்த கீழ்த்தாடையை அச்சின்மேல் பொருத்திப் பார்த்தார். உட்காரவில்லை. இரண்டு பக்கமும் விரல் அகலம் வெளியே நின்றது. மேடு, பள்ளம், நரம்பு, எதிலும் குறையில்லை. ஆனால் அவர் செய்திருந்தது நாற்பது வயது அக்காவின் வாய்.

"இவ்வளவு சுருங்கிப் போயிட்டாளா" என்றார். "அச்சு எடுத்தது நான்தான். அன்னிக்கு இது என் கண்ணுல படலியே."

கொஞ்ச நேரம் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். பிறகு சாராய விளக்கைப் பற்றவைத்து, மெழுகு உருக்குகிற கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அந்தப் பழைய தாடையிலிருந்து பற்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வரிசையாக வைத்தார். மெழுகைக் கிண்ணத்தில் போட்டார்.

செட்டைக் கொண்டுபோகும்போது நானும் வருகிறேன் என்றேன். சோதனையில் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன், எந்தக் காகிதம் வேண்டுமோ எல்லாம் எடுத்து வைக்கிறேன் என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவர் அக்கா இருக்கிற வீட்டுப் பக்கம் எட்டு வருடமாகப் போனதில்லை, ஏன் என்று அவர் கேட்டதும் இல்லை.

"வருவியா? அக்கா ஏதாவது சொன்னான்னா?"

"முதல்ல பல்லைக் கட்டிக்கட்டும். அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லட்டும்."

அவர் சிரித்துவிட்டு, அச்சை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்து, கண்ணைத் திறந்து வைத்தபடியே முதல் மெழுகை இட்டார்.