கட்டைக்குள் குத்திய முத்திரை

தீயணைப்பு நிலைய மண்டபத்தில் வருஷா வருஷம் நடக்கும் பழைய வேட்டைத் துப்பாக்கிக் கண்காட்சிப் போட்டிக்கு டெல்மர் க்ரைடர்தான் நடுவர். பென்சில்வேனியாவில் அந்தப் பக்கத்துக்கே அவர் வைத்ததுதான் சட்டம். பழுதுபார்க்கக் கம்பெனிக்குத் திரும்பிப் போன துப்பாக்கிக்குப் பரிசு கிடையாது. போயிருந்தால், கம்பெனிக்காரன் ஏதாவது ஒரு மூலையில் வைர வடிவில், தேதியோடு பொடி முத்திரை குத்தியிருப்பான். டெல்மர் பூதக்கண்ணாடியோடு அதைக் கண்டுபிடித்து, கொண்டுவந்தவன் முகத்தில் கரியைப் பூசி அனுப்புவார்.

அவருடைய சொந்த ஹார்ட்வெல் கம்பெனி இரட்டைக்குழல் துப்பாக்கி மட்டும் நடுமேசையில் ராஜாவாட்டம் வீற்றிருக்கும். "ஒரு திருகாணியைக்கூட எவனும் தொட்டதில்ல" என்று பீற்றிக்கொள்வார். தொடாத திருகாணியைத் தொடுவது மகா பாவம் என்பதால், அவரும் அதைக் கழற்றிப் பார்த்ததில்லை.

அவர் மனைவி ஆர்லீன் வாயைத் திறக்காமல் காப்பி ஊற்றிக்கொண்டிருப்பாள். டெல்மர் கப்பற்படையில் இருந்த காலத்தில், அவள் காரைப் பின்னால் எடுத்தபோது கார் கொட்டகையில் சாத்தியிருந்த இந்த ஹார்ட்வெல் சக்கரத்தில் மாட்டி, தோளில் பொருத்தும் மரப் பின்கட்டை முறிந்துபோனது. அழுது ஓய்ந்தபின் கம்பெனியில் கொடுத்துப் புதுக் கட்டை போட்டு வாங்கி வைத்தாள். திரும்பி வந்த மனுஷன் தடவிப் பார்த்து, "பாலிஷ் போட்டியா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து, உண்மை தெரிந்தால் இவர் நொறுங்கிப்போவாரே என்ற பயம் அவளை விட்டதில்லை.

இந்த வருஷம் மெர்வின் ஸ்டௌஃபர் கையில் திருப்புளியோடு வந்தான். போன வருஷம் டெல்மரிடம் மானம் போனவன்.

"ஊரான் துப்பாக்கிய எல்லாம் கோவணம் வரைக்கும் அவுத்துப் பாத்தியே, இன்னைக்கு உன்னுதக் கழட்டுடா."

"கழட்டினா உன் மூக்குதான்டா உடையும்!"

ஆர்லீன் ஹாம் சாண்ட்விச் தட்டோடு ஓடி வந்தாள். "சாப்பிட்டுட்டுப் பாக்கலாமே, ஆறிடப் போவுது."

"ஹாம் சாண்ட்விச் எப்பம்மா சூடா இருந்துச்சு?" என்றான் மெர்வின்.

டெல்மர் பின்கட்டையின் அடியில் இருந்த இரும்புத் தகட்டைக் கழற்றினார். உள்மரத்தில் பூதக்கண்ணாடியை வைத்ததும், பழக்க தோஷம், நடுவர் குரல் தானாக வந்துவிட்டது.

"கம்பெனியிலயே கட்டைய மாத்தியிருக்கான். முத்திரை பளிச்சுனு இருக்கு. எழுபத்துநாலு, அக்டோபர்."

பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது.

"அக்டோபர்ல நான் கடல்லதானே இருந்தேன்?"

மண்டபம் முழுக்க ஆர்லீனைத் திரும்பிப் பார்த்தது.

"ரிவர்ஸ் எடுத்தேங்க," என்றாள். "கண்ணாடியில தெரியல."

மெர்வின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டெல்மர் மேசையிலிருந்து தன் போட்டிப் பெயர்ச் சீட்டை எடுத்துக் கிழித்துப் போட்டார். சட்டம் தனக்கும் சட்டம்தான் என்பதில் மனுஷனைக் குறை சொல்ல முடியாது.

டெல்மர் காரை வீட்டுக்கு ஓட்டினார். ஆர்லீன் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, இடி எப்போது விழும் என்று காத்திருந்தாள்.

"அந்தக் கட்டையப் பொறுக்கியெடுத்தது யாரு?" என்றார் பாதி வழியில்.

"நான்தான். கம்பெனிக்கு பஸ்ஸுல போயிருந்தேன். மூணு கட்டை எடுத்துப் போட்டாங்க. இதுலதான் மர வரி நல்லா ஓடுச்சு."

டெல்மர் திரும்பி அவளை உற்றுப் பார்த்தார். முத்திரை தேடுகிற அதே பார்வை.

"நல்ல கண்ணு உனக்கு," என்றார்.

அந்தக் குரலை அவர் துப்பாக்கிகளிடம் மட்டும்தான் காட்டுவார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு அது கிடைத்தது இதுவே முதல் தடவை. ஆர்லீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றாள்.