இரண்டாவது ஆணி

பேஸ் கிட்டாருக்கு முன்பணம் கட்டிய மறுநாள் காலை, லிப்ட் மெக்கானிக்கின் வீடு தன் தெருவை விட்டுக் கிளம்பிப் போய், நான்கு தெரு தள்ளி ஒரு பேக்கரிக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே நின்றிருந்தது. பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தபோதுதான் அவர் மனைவி அதைப் பார்த்தாள். இரவு மேசைமேல் வைத்த டம்ளரில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்தது, விளக்கு எரிந்தது, மின்கம்பி மட்டும் கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்தது. பேக்கரிக்காரர் வெளியே வந்து வீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கிட்டாருக்குச் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியானால் மூன்று மாதம் இங்கேதான் இருப்பீர்கள், ரொட்டியை ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த ஊரில் பேஸ் கிட்டாரைக் கையால் செய்பவர் ஒரே ஒரு அம்மாள்தான். முன்பு நாற்காலி செய்துகொண்டிருந்தவர். வருடத்துக்கு நான்கு கிட்டார், அதுவும் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. பலகையை இரண்டு வருடம் உத்தரத்தில் தொங்கவிடுவார். கழுத்தை இழைத்து ஒட்டியபின் அது வளைகிறதா என்று ஒரு மாதம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்கும் சேர்த்துத்தான் விலை. விலை என்றால் ஆனைவிலை குதிரைவிலை, ஒரு கிட்டார் வாங்குகிற பணத்தில் ஒரு சின்னக் கார் வாங்கி அதில் ஊருக்கும் போய்வரலாம். முன்பணம் கட்டியவர் பட்டறையில் ஈரக் களிமண்ணில் இடது கையை அழுத்திவிட்டு வர வேண்டும். அந்த அச்சு காய்ந்ததும், பெயர்ச்சீட்டோடு, சுவரில் வரிசையாக அடித்திருக்கும் ஆணிகளில் கடைசி ஆணியில் தொங்கும். ஒரு கிட்டார் முடிந்து போனால் எல்லா அச்சுகளும் ஒரு ஆணி முன்னே வரும், அன்று இரவே அந்தந்த வீடுகளும் பட்டறையை நோக்கி அதே கணக்கில் நகரும். முதல் ஆணிக்காரரின் வீடு பட்டறைக்குப் பக்கத்து வீடாக வந்து நிற்கும். கிட்டாரை வாங்கிய மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். தபால்காரர் காலையில் பட்டறைச் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பையைத் தூக்குவார். ஒரு வக்கீல் மட்டும் ஒருமுறை பெயர்ச்சீட்டை மாற்றிக் கட்டிவிட்டு ஒரே இரவில் ஒன்பது ஆணி முன்னேறினார். வந்த கிட்டார் ஒரு பளுதூக்கும் வீரரின் கைக்குச் செய்ததாக இருந்தது, வக்கீலின் விரல் கம்பிவரை எட்டவேயில்லை. முந்துவதற்கு நேர்வழி ஒன்று உண்டு என்று அம்மாள் எல்லோரிடமும் சொல்லித்தான் முன்பணம் வாங்குவார்: முன்வீட்டுக்காரர் மனமொப்பி வாசற்கதவையும் பின்கதவையும் திறந்துவைத்தால், பின்வீடு அதற்குள் நுழைந்து முன்னே போய்விடலாம். அப்படித் திறந்துவைத்தவர் அதுவரை யாருமில்லை.

மெக்கானிக்கின் மனைவிக்கு இந்த ஏற்பாட்டில் ஒன்றுமே பிடிக்கவில்லை. அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள், எதுவும் அசையாமல் இருக்க வேண்டும் அவளுக்கு. அவளும் அவள் தங்கையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் குடியிருந்தவர்கள். உப்பு வேண்டுமென்றால் சுவரில் இரண்டு தட்டு, பேச ஆள் வேண்டுமென்றால் மூன்று. வீட்டைக் கட்டிப்பார் என்று சொல்லிவைத்தவர்கள், கட்டின வீடு கிளம்பிப் போனால் என்ன செய்வது என்று சொல்லிவைக்கவில்லை. ஆனால் யாரையும் குறைசொல்ல முடியாது, கணவரைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனவளே அவள்தான். அவர் ஒரு நால்வர் குழுவில் பேஸ் வாசித்தவர். லிப்ட் கதவு அவருடைய இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டபின், கடையில் விற்கும் எந்தக் கிட்டாரின் கழுத்தும் கட்டைவிரல் போக மிச்சமிருந்த இரண்டு விரலுக்கு அடங்கவில்லை. குழுவினர் ஆறு மாதம் பொறுத்துவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். பாட்டை முனகிக்கொண்டே குளிக்கிற மனிதர் முனகுவதை விட்டார், அவ்வளவுதான். எட்டு மாதம் குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாள் சேமிப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவர்களுக்குக் கிடைத்தது இருபத்துநான்காவது ஆணி. ஆறு வருடத்தில் வீடு இருபத்திரண்டு முறை நகர்ந்தது. ரயில் பாலத்தடியில் மூன்று மாதம், பள்ளிக்கூட மதிலோரம் மூன்று மாதம், ஒரு சலவை நிலையத்தின் பின்பக்கம் மூன்று மாதம். அங்கே இருந்தவரை துணி காயுமா என்ற கவலை இல்லை. தங்கை முதலில் வாரம் ஒருமுறை பஸ் பிடித்து வந்தாள், பிறகு மாதம் ஒருமுறை. காலியாகக் கிடந்த இடத்தில் தக்காளிச் செடி வைத்திருப்பதாகச் சொன்னாள். மெக்கானிக் ஒரு பலகையில் நான்கு கம்பியை இழுத்துக் கட்டி, தினமும் ஒரு மணி நேரம் அதில் விரலை ஓட்டினார். சத்தம் வராது. சும்மா விட்டால் அந்த இரண்டு விரலும் கட்டையாகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

இரண்டாவது ஆணிக்கு வந்ததும் எல்லாம் நின்றது. முதல் ஆணியில் இருந்தவர் ஒரு பல் மருத்துவர், தனியாள், இவர்களுக்கு இரண்டே நாள் முன்னால் முன்பணம் கட்டியவர். அவர் கிட்டாரை வாங்கிக்கொள்ளவே மாட்டேன் என்றார். நிறம் மங்கல் என்றார், அம்மாள் மாற்றிக் கொடுத்தார். எடை அதிகம் என்றார், அம்மாள் செதுக்கிக் கொடுத்தார். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி போதவில்லை என்று மூன்றாம் முறையும் திருப்பி அனுப்பினார். பதினொரு மாதம் ஒரு வீடும் அசையவில்லை. பின்னால் நின்ற வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நின்று திட்டினார்கள். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லையா என்று அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். இந்த நேரத்தில்தான் மெக்கானிக்கின் நடுவிரல் பாதிவரை மடங்கி அதற்குமேல் மடங்க மறுத்தது. பலகை இனிமேல் உதவாது, உண்மையான கம்பியின் அதிர்வு வேண்டும், இந்த வருடம் தாண்டினால் அந்த விரல்களை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் விரலைப் பார்த்துவந்த மருத்துவர். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் மெக்கானிக் மனைவியைச் சமாதானப்படுத்திக்கொண்டே வந்தார், லிப்ட் சரிபார்க்க இரண்டு விரல் தாராளம் என்றார். அவளுக்கு அதைக் கேட்கத்தான் தாங்கவில்லை.

மறுநாள் அவள் பல் மருத்துவரின் வீட்டுக்குச் சண்டைக்குப் போனாள். அவர் உட்காரச் சொல்லி, கிட்டாரின் குறைகளை ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தார். கம்பி இடைவெளியைக் காட்ட இடது கையை அவள் முன்னால் விரித்தார். பதினெட்டு வருடம் கண்ணாடியில் பதிந்த விரல்ரேகையைத் துடைத்தே பிழைத்தவள் அவள். கணவருக்கு, அந்தச் சத்தமில்லாத பலகையிலேயே, விரல் நுனி செருப்புத்தோல் மாதிரி ஆகியிருந்தது. இவருடையது பால்குடிக் குழந்தையின் விரல்.

“உங்க விரல் நுனியில காய்ப்பே இல்லையே, டாக்டர்.”

அவர் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார்.

“எப்படியும் ஆறு வருஷம் ஆகும், அதுக்குள்ள கத்துக்கலாம்னு நெனச்சேன்மா,” என்றார். “நாளைக்கு, நாளைக்குன்னே போயிடுச்சு. இப்ப அது கைக்கு வந்தா இந்தத் தெருவே வாசல்ல வந்து நிக்கும். வாசிங்கன்னு கேக்கும்.”

வரிந்துகட்டிக்கொண்டு வந்தவளுக்கு வாயில் வைத்திருந்த வசவெல்லாம் கரைந்துபோனது. ஊரார் பல்லையெல்லாம் பதறாமல் பிடுங்குகிற மனிதர், நான்கு கம்பிக்குப் பயந்து பதினொரு மாதமாக ஒரு தெருவையே நிறுத்திவைத்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

“கதவைத் திறந்து வைங்க டாக்டர். எங்க வீட்டுக்காரருக்கு இந்தக் கையில ரெண்டு விரல் இல்ல, ஆனா வாசிக்கத் தெரியும். உங்களுக்கு அஞ்சும் இருக்கு. அவர் கத்துக்குடுப்பாரு.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவர் இரண்டு கதவையும் திறந்துவைத்தார். மெக்கானிக்கின் வீடு உள்ளே நுழைந்தது. முதலில் சமையலறை, அவர்களுடைய அடுப்பு அவருடைய அடுப்புக்குள் போய் வெளியே வந்தது, பால் பொங்கவில்லை. கட்டில் புத்தக அலமாரியைக் கடந்து போனது. நாலு மணி வாக்கில் ஒரு கால்மணி நேரம் மூன்று பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், யாருக்கும் நெருக்கமாக இல்லை. மெக்கானிக்கும் பல் மருத்துவரும் மழை வருமா என்று பேசிக்கொண்டார்கள். ஆறு மணிக்கு வீடு முன்பக்கமாக வெளியேறிப் பட்டறைக்குப் பக்கத்தில் நின்றது. அம்மாள் எழுந்து போய் அச்சுகளை மாற்றி மாட்டிவிட்டு, அன்று சாயங்காலமே பலகையை உத்தரத்திலிருந்து இறக்கினார்.

கிட்டார் மூன்று மாதத்தில் வந்தது. குறுகலான, மெல்லிய கழுத்து. வேறு யார் எடுத்தாலும் பொம்மை என்றுதான் நினைப்பார்கள். மெக்கானிக் அதை மடியில் வைத்து, தடித்த கம்பியில் ஒரே ஒரு முறை விரலை வைத்தார். அந்தச் சத்தம் காதுக்கு வருமுன் தரைவழியாகக் காலுக்கு வந்தது. மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதாள். மறுநாள் காலை குளியலறையில் முனகல் கேட்டது. நடுவிரல் முழுசாக மடங்க இன்னும் இரண்டு மாதம் பிடித்தது.

கிட்டார் வந்த மூன்றாம் நாள் வீடு பழைய தெருவுக்குத் திரும்பியது. தங்கை முந்தின சாயங்காலமே தக்காளியைத் தொட்டிகளுக்கு மாற்றியிருந்தாள். விடிந்ததும் சுவரில் மூன்று தட்டு கேட்டது. ஏழு வருடத்துக்குச் சேர்த்துப் பேசிவிட்டு, மதியத்துக்குமேல்தான் மனைவி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சாமான் அறைக்குப் பின்னால், முன்பு இல்லாத ஓர் அறை இருந்தது. அதில் ஒரு வாய் கொப்பளிக்கும் தொட்டியும் ஒரு சாய்வு நாற்காலியும் இருந்தன. பல் மருத்துவரின் பின்னறை, ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் இவர்கள் வீட்டோடு மாட்டிக்கொண்டு வந்திருந்தது. அதன் மறுபக்கக் கதவைத் திறந்தால் அவருடைய கூடம்தான். அடுத்த மூன்று மாதத்தில் அவர் தன் கிட்டாரை ஒரு குறையும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு, ஊரின் மறுகோடியில் இருந்த தன் பழைய இடத்துக்கு வீட்டோடு போனார். கதவு அப்போதும் அவருடைய கூடத்தில்தான் திறந்தது. நகராட்சி அந்த அறையின் வரியைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் போட்டது.

தினமும் மாலை ஆறு மணிக்கு அவர் சாமான் அறை வழியாக, செருப்பைக் கழற்றிவிட்டு, கிட்டாரோடு வருவார். தப்பாக வாசித்தால் தங்கை மறுபக்கத்திலிருந்து சுவரில் ஒரு தட்டு தட்டுவாள். முதல் மாதம் அந்தச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. பாடம் முடிந்ததும் அவர் சமையலறைக்கு வந்து மெக்கானிக்கின் மனைவியிடம் இடது கையை நீட்டுவார். அவள் கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, இன்னும் இல்லை என்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை, மோதிர விரலின் நுனியை அழுத்திப் பார்த்தவள் கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

“வந்துடுச்சு, டாக்டர்.”

அவர் அந்த விரலைக் கட்டைவிரலால் இரண்டு மூன்று முறை தடவிப் பார்த்துக்கொண்டே, சொல்லாமல் கொள்ளாமல் தன் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு ஊரின் மறுகோடியிலிருந்து கதவைத் திறந்துகொண்டு வந்து, மறந்துவிட்டுப் போன செருப்பை எடுத்துக்கொண்டு போனார்.