இரண்டு விரல் போதும்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரரிடம் ஒரு பைக் இருக்கிறது. காடு மலையெல்லாம் ஏறுவதற்கென்றே செய்த உயரமான பழைய வண்டி. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் பெரியவர். "பெரியவர் மேல தூசி படியுது பார்" என்பார். வண்டிக்கு அத்தனை மரியாதை. எனக்கு "ஏய்"தான்.

அந்தப் பெரியவரை ஓட்ட வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து என் ஆசை. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில். "முன் பிரேக் கல்லு மாதிரி. உன் கைக்கு அடங்காது."

நான் டவுன் பஸ் டிரைவர். நாள் முழுக்க நெரிசலில் புகுந்து வருகிறவள். ஆனால் பஸ்ஸுக்குக் காலால் பிரேக், இதற்குக் கை. உயரத்தில் குறையில்லாத எனக்குக் கை மட்டும் குழந்தைக் கை. ஒருநாள் திருட்டுத்தனமாக லிவரை அமுக்கிப் பார்த்தேன். விரல் வலித்ததுதான் மிச்சம். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

போன மாதம் ஓர் இறக்கத்தில் முன்னால் போன குப்பை லாரி சட்டென்று நின்றது. பெரியவர் நிற்கிற வழியாக இல்லை. லாரிக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் மனசு வந்தது. பின்னால் இருந்த என் ஹெல்மெட் வழக்கம்போல் அவர் ஹெல்மெட்டில் 'டொக்' என்று முட்டியது. வீட்டுக்கு வந்ததும், முகமெல்லாம் வெளுத்துப்போய், "முன் பிரேக்கை மாத்திடறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஷெட்டில் வேலை ஆரம்பமானது. பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கிற புது காலிப்பர், புது லிவர், பிரேக் ஆயில் ஓடும் ரப்பர் ஹோஸுக்குப் பதிலாகக் கம்பி பின்னிய ஹோஸ். என்னைக் கிட்டவே விடாமல் எல்லாவற்றையும் தனியாகப் பூட்டினார். கடைசியில் ஹோஸுக்குள் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு மேலே ஒருவர் லிவரை அமுக்கிக்கொள்ள, கீழே ஒருவர் திருகைத் திறந்து மூட வேண்டும்.

"ஏய், கொஞ்சம் வா."

போனேன். அவர் சக்கரத்தடியில் சம்மணம் போட்டுக்கொண்டு, "அமுக்கு, அப்படியே வச்சுக்க, ம், விடு" என்று சொல்லச் சொல்லச் செய்தேன். முதலில் லிவர் பொதபொதவென்று வந்தது. திருகில் செருகியிருந்த குழாயில் குமிழிகள் குறையக் குறைய இறுகியது. மறுபடியும் கல்லாகிவிடுமோ என்று ஒவ்வொரு அமுக்கையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தூக்கி நிறுத்தியிருந்த வண்டியின் முன் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு, "இப்பப் பிடி" என்றார். இரண்டே விரலால் பிடித்தேன். சக்கரம் அப்படியே நின்றது.

"எப்படி நிக்குது பாத்தியா?" என்றார் பெருமையாக.

"பாத்தேன்."

ஊருக்கே பார்வை சோதிக்கிற கண்ணாடிக் கடைக்காரர், என் விரல்களை மட்டும் பார்க்கவில்லை.

புது பிரேக் படிய வேண்டுமென்றால், காலி ரோட்டில் வேகம் எடுத்துப் பதமாகப் பிடித்து, மறுபடி வேகம் எடுத்து, மறுபடி பிடிக்க வேண்டும். அவர் ஓட்டினார், நான் பின்னால். ஆனால் அவர் கைக்குப் பழைய கல் பிரேக்தான் பழக்கம். நாலு விரலாலும் ஒரே இறுக்கு. டொக். "பழக்க தோஷம்" என்றார். டொக். மூன்றாவது டொக்கில் அவர் மூக்குக்கண்ணாடி நழுவி வாயில் வந்து நின்றது. வண்டியை ஓரங்கட்டி இறங்கினார்.

"எனக்கு வரலை. ரொம்பப் பதமா பிடிக்க வேண்டியிருக்கு."

நான் இரண்டு விரலை நீட்டிக் காட்டினேன். "எனக்கு இது போதும். ஷெட்லயே பாத்துட்டேன்."

விரல்களைப் பார்த்தார், தான் பூட்டிய காலிப்பரைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "நானே மெனக்கெட்டு என் வாயை அடைச்சுக்கிட்டேனா?"

நகர்ந்து முன்னால் உட்கார்ந்தேன். அவர் பின்னால் ஏறினார், ஆள் கொஞ்சம் விறைப்பாகவே. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவர்கூட அசையாதபடி பிரேக் போடுவது என் பிழைப்பு. அதைத்தான் காலிலிருந்து விரலுக்கு மாற்றினேன். வேகம் ஏற ஏற, ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன். இத்தனை வருஷத்து ஆசை, கைக்குள் அடக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டு முனை மரத்தடியில் மெல்ல விரலை அமுக்கினேன். டொக் வரவே இல்லை.

"நின்னுட்டோமா?" என்றார் பின்னாலிருந்து.

"ஸ்டாப் வந்தாச்சு. இறங்கறீங்களா?"

அவர் என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார்.

"இல்ல, நீங்க போங்க டிரைவர். எனக்குக் கடைசி ஸ்டாப்."