வாலுவின் பேச்சுக்கு ஒரு லேப்டாப்

தச்சருக்குக் காது கேட்காமல் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்தார். எழுந்தபோது உலகம் வாயை மூடிக்கொண்டிருந்தது. கருவி மாட்டிப் பார்த்தார்கள். இரைச்சல் கேட்டதே தவிர பேச்சு கேட்கவில்லை. வேலைக்கு ஒன்றும் குறைவில்லை, அலமாரி செய்யக் காது எதற்கு? ஆனால் கலகலவென்று பேசிக்கொண்டிருந்த மனிதர் பேச்சைச் சுருக்கிக்கொண்டார். மனைவி நிதானமாக வாயசைத்தால் பாதி பிடிபடும், மீதியை அவள் தாளில் எழுதிக் காட்டுவாள். மகள் பேச்சுதான் பிடி கொடுக்கவே இல்லை. ஆறு வயது, முன்பல் இரண்டும் போன வாய், ஓரிடத்தில் நில்லாத கால். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். முகம் ஒரு நிமிஷம் நின்றால் அல்லவா உதட்டைப் படிக்க முடியும்!

வாலு பேசுவதையெல்லாம் அவள் அம்மா ஃபோனில் பிடித்து வைத்துக்கொண்டே வந்தாள். கீழே எழுத்துப் போட்டுக் காட்டினால் அவர் படித்துக்கொள்வார் என்பது கணக்கு. ஃபோனே தானாக எழுத்துப் போடும் என்று யாரோ சொல்ல, அதையும் செய்து பார்த்தாள். வாலு "என் பல்லு விழுந்துடுச்சு" என்றாள். ஃபோன் "என் புல்லு வளந்துடுச்சு" என்று எழுதியது. சரி, கையாலேயே அடிப்போம் என்று உட்கார்ந்தாள். அந்தச் சின்னத் திரையில் எழுத்து எறும்பு மாதிரி ஊர்ந்தது. பத்து நிமிஷத்தில் ஃபோன் இஸ்திரிப் பெட்டியாகச் சுட்டது. கடைசியில், இனி இடமில்லை என்று கையை விரித்துவிட்டது.

அவளுக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜை வேலை. அங்கே கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் சரி செய்ய ஒரு அம்மாள் வருவார். மேஜைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்த அந்த ரிப்பேர்காரம்மாவிடம் கேட்டாள்.

"வீடியோ வெட்டி ஒட்ட ஒரு லேப்டாப் வாங்கணும்மா. எது நல்லாயிருக்கும்?"

"என்னை ஏன் கேக்கறீங்க? உங்க வீடியோவைக் கேளுங்க," என்று குரல் மட்டும் வந்தது. பிறகு தலையும் வந்தது. "கடையில நம்பரா அடுக்கி மயக்குவாங்க. ரெண்டே ரெண்டு மனசுல வைங்க. மெமரி பதினாறு இருக்கணும். எட்டுல வீடியோ மூச்சு வாங்கும். உள்ள இருக்கற டிஸ்க் எஸ்.எஸ்.டி.யா இருக்கணும், பழைய மாதிரி சுத்தற டிஸ்க் ஆகாது. மத்தபடி உங்க வீடியோ ரெண்டைப் பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போய், அங்கேயே போட்டு, வெட்டி, எழுத்து ஏத்திப் பாருங்க. முடியாதுன்னா அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில், வாலுவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேராகக் கிளம்பினார்கள். மூன்றாவது ஆள் அவளுடைய தம்பி. எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரியும்" என்று ஆரம்பிப்பதால் குடும்பத்தில் அவனுக்கு மேதை என்று பட்டம்.

கடைக்குள் நுழைந்ததும் மேதை நேராகப் போய் நின்றது, விசைப்பலகை முழுக்கப் பல வண்ணத்தில் விளக்கு எரியும் ஒரு லேப்டாப் முன்னால்.

"அக்கா, கண்ணை மூடிட்டு இதை எடு. கேம் ஆடறவங்க வாங்கறது. இதுல ராக்கெட்டே விடலாம்."

"நான் எங்கேடா ராக்கெட் விடப்போறேன்? வாலு பேசறதுக்குக் கீழ நாலு எழுத்து போடணும்."

வீடியோவை ஓட விட்டதும் அதன் விசிறி மாவு மில் போல இரைந்தது. "கொஞ்சம் சத்தம் வரும், அவ்வளவுதான்," என்றான் மேதை. அவள் தாளில் எழுதிக் கணவரிடம் நீட்டினாள்: விசிறி ரொம்ப இரையுது.

தச்சர் படித்தார். "அதனால எனக்கென்ன?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவர் உதட்டோரம் துடிப்பதைப் பார்த்தாள். மனிதர் தமாஷ் செய்கிறார்! இத்தனை நாளில், தன் காதை வைத்து அவர் ஒரு வார்த்தை விளையாட்டாகச் சொல்லிக் கேட்டதில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விலைச் சீட்டைப் பார்த்தாள். பார்த்ததும் அந்த லேப்டாப்பை மெல்ல மூடிவிட்டு நகர்ந்தாள்.

அடுத்தது காகிதம் போல மெலிசு, விலையும் மலிவு, மெமரி எட்டு. பென் டிரைவைச் செருகினாள். வாலுவின் வாய் திறந்து அப்படியே நின்றது; பேச்சு மட்டும் எங்கேயோ முன்னால் ஓடியது. ரிப்பேர்காரம்மா சொன்னது சரிதான்.

விற்பனைப் பெண் பொறுமைசாலி. அவர்கள் கையில் பென் டிரைவோடு அலைவதைப் பார்த்துவிட்டு மூன்றாவதைத் தானே எடுத்து வைத்தாள். பார்வைக்குச் சாதுவானது. சாம்பல் நிறம், அகலத் திரை, மெமரி பதினாறு.

"இதுல தனி கிராஃபிக்ஸ் கார்டே இல்லையே!" என்றான் மேதை.

"சினிமா எடுக்கறதா இருந்தா வேணும் சார். வீட்டு வீடியோவுக்கு இதுவே தாராளம்," என்றாள் அவள்.

அதுவரை ஒதுங்கி நின்ற தச்சர் முன்னால் வந்தார். திரையை ஒரு விரலால் தூக்கினார், மூடினார், மறுபடி தூக்கினார். ஜன்னல் கதவு மாட்டுகிறவர் கை அல்லவா? "இடது பக்கம் கீல் தளர்ந்திருக்கு. ஆறு மாசம் தாங்காது," என்றார். விற்பனைப் பெண் ஆட்டிப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் திறந்து மூடிய சாம்பிள் அது. புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்தாள். தச்சர் அதையும் தூக்கிப் பார்த்துத் தலையசைத்தார்.

இப்போது வாலுவின் அம்மா உட்கார்ந்தாள். வீடியோ தங்குதடையில்லாமல் ஓடியது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வாலு ஏதோ புகார் சொல்கிறாள். விற்பனைப் பெண் எங்கே அழுத்த வேண்டும் என்று காட்ட, அவள் இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுத்தைக் கீழே ஏற்றினாள். பிறகு கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினாள்.

வாலு பேசப் பேசக் கீழே வரி வந்தது: "கவுன் கிழிஞ்சதை அப்பாகிட்ட ரகசியமா காட்டினேன். அப்பா தெருவுக்கே கேக்கற மாதிரி, கவுன் கிழிஞ்சுடுச்சான்னு கத்திட்டாரு. எதிர் வீட்டுல எட்டிப் பார்த்தாங்க. இனிமே அப்பாகூட டூ."

தச்சர் வாய்விட்டுச் சிரித்தார். மறுபடி போடச் சொல்லி, மறுபடியும் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"இது எப்பப் பேசினது?"

அவள் நான்கு விரலைக் காட்டி, மாசம் என்று வாயசைத்தாள்.

"நாலு மாசமா என்கூட டூ விட்டிருந்தாளா?"

"அன்னிக்கு மட்டுந்தாங்க!"

"இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

அவள் திரையிலேயே அடித்துக் காட்டினாள்: நூற்றுப் பதினாறு. அவர் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு விற்பனைப் பெண்ணிடம், "இதையே கட்டிக் குடும்மா," என்றார். மேதை வாயைத் திறந்தான். "மச்சான், நீ ராக்கெட் வாங்கறப்ப சொல்லு, நானும் வரேன்," என்று அதையும் அடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகும் வேலை நகரவில்லை. அவள் வெட்டினால் பேச்சின் தலை போயிற்று, அல்லது வால் போயிற்று. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தச்சர் திரையின் அடியில் ஓடிய பட்டையைக் காட்டினார். "இது என்ன, மேடும் பள்ளமுமா?"

"சத்தம்," என்று எழுதினாள். "பேசினா மேடு. பேசலைன்னா சமம்."

அவர் குனிந்து, பலகையில் ரேகை பார்ப்பது போல அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "அப்போ வாலு இங்க ஆரம்பிக்கறா. இங்க மூச்சு விடறா. இங்க கத்தறா. சரியா?"

அவள் போட்டுக் கேட்டாள். அத்தனையும் சரி. சரி என்று தலையை ஆட்டினாள். அவர் மௌஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வெட்டுவது அவர் வேலை, கேட்டு எழுத்தடிப்பது அவள் வேலை. மில்லிமீட்டர் பிசகாமல் அறுக்கிற மனிதருக்கு இது ஒன்றும் பெரிதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கைந்து முடிந்தது. வாலுவோடு அவருக்குப் பேச விஷயமும் சேர்ந்தது. "அந்தப் பூனைக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று வீடியோவில் படித்ததை வைத்து அவர் கேட்க, அவள் முதல்முறையாக ஓரிடத்தில் நின்று, முகத்துக்கு நேராகப் பதில் சொன்னாள்.

பதினேழாவது வீடியோவில் சிக்கல் வந்தது. வாலு வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு நீளமாக ஏதோ சொல்கிறாள். அம்மா ஐந்து தடவை கேட்டுவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

"இங்க எழுத்து விட்டுப்போச்சே," என்றார் தச்சர். "மேடு மேடா இருக்கு, நிறைய பேசியிருக்காளே!"

"எனக்கும் கேக்கலைங்க," என்று வாயசைத்தாள்.

"உனக்குமா?" அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். வாலுவைக் கூப்பிட்டார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடைசி வரை பார்த்தாள்.

"என்னடி சொல்றே அதுல?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் வாயில பிரஷ் வெச்சிருக்கேன் பாரு!"

அம்மா சிரித்துக்கொண்டே காலியாக இருந்த இடத்தில் தட்டினாள்: இங்கே வாலு என்ன சொல்கிறாள் என்று வாலுவுக்கே தெரியாது.

"எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடு," என்றார் தச்சர். வாலு அவர் மடியில் ஏறிக்கொண்டாள். அவர் அடுத்த வீடியோவைத் திறந்தார்.