கேரேஜில் ஏழு கதவுகள்

எங்கள் வீட்டுக்கு உள்கதவுகள் மொத்தம் ஏழு. ஏழும் கேரேஜில் இருக்கின்றன. பழைய போர்வைகளைச் சுற்றி, சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர் மெர்வ். வாசல் கதவையும் பின்கதவையும் கழற்றத்தான் ஸ்குரூ டிரைவரோடு போனார். நான் குறுக்கே போய் நின்றதால் அவை இரண்டும் தப்பின.

கிறைஸ்ட்சர்ச்சில் ஜூலைதான் நடுக் குளிர்காலம், அப்போது தெற்குக் காற்று எப்படி அடிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பனி மூடிய கடலைத் தடவிவிட்டு நேரே எங்கள் ஹாலுக்குள் நுழையும். படுக்கையறையில் ஹீட்டரைப் போட்டால் சூடு அங்கே ஒரு நிமிடம்கூடத் தங்காது, சமையலறை வழியாகக் கொல்லைக்குப் போய்விடும். அறுபத்தொரு வயதில் நான் தொப்பி போட்டுக்கொண்டு தூங்குகிறேன்.

குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குளியலறைக்குக் கதவு இல்லாததை எப்படிப் பொறுப்பது? கழிப்பறையும் அதற்குள்ளேதான் இருக்கிறது. நான் கத்திக் கத்தித் தொண்டை வற்றிய பிறகு ஒரு திரை போடச் சம்மதித்தார். மறுநாள் பார்த்தால் திரையின் கீழ்ப்பாதியைக் கத்தரித்திருந்தார்.

"என்ன மெர்வ் இது?"

"உன் காலாவது எனக்குத் தெரியணும்."

கால் தெரிய வேண்டுமாம். கல்யாணமாகி முப்பத்தாறு வருடம் ஆகிறது. நான் உட்கார்ந்திருக்கும்போது ஹாலில் போகிறவர் குனிந்து என் காலைப் பார்த்துவிட்டுப் போகிறார். இதை வெளியே யாரிடம் போய்ச் சொல்வது?

பிப்ரவரிக்குப் பிறகுதான் இந்தக் கூத்தெல்லாம். எங்கள் ஊரில் யாரும் நிலநடுக்கம் என்று நீட்டி முழக்குவதில்லை. செப்டம்பர் என்போம், பிப்ரவரி என்போம், அவ்வளவுதான். செப்டம்பரில் வீடு லேசாகச் சாய்ந்து, குளியலறைக் கதவு நிலையில் இடித்து இறுக ஆரம்பித்தது. அரை மணி நேரம் இழைப்புளி போட்டால் சரியாகிவிடும். மெர்வ் தொடமாட்டேன் என்றார். காப்பீட்டு ஆள் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாதாம், தொட்டால் சேதம் எங்கே என்று கேட்பார்களாம். எங்கள் தெரு முழுக்க அப்படித்தான் இருந்தது. ஓட்டைக் கூரையின் கீழே வாளி வைத்துவிட்டு, ஆள் வரட்டும் என்று ஊரே காத்திருந்தது.

ஆள் வருவதற்குள் பிப்ரவரி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால். நான் அந்த இறுகின கதவைத் தோளால் தள்ளிச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். வீட்டை யாரோ இரண்டு கையாலும் பிடித்து உலுக்கியதுபோல் இருந்தது. ஆட்டம் நின்றபோது நிலை கோணிப்போய்க் கதவு அசையவே இல்லை. ஜன்னலோ உயரத்தில், பூனை நுழையும் அளவுக்கு ஒன்று. மெர்வின் கருவிகளெல்லாம் கேரேஜில் இருந்தன. கேரேஜின் ஷட்டரும் சிக்கிக்கொண்டது. வெளியே முற்றத்தில் நிலத்தைப் பிளந்துகொண்டு சாம்பல் நிறச் சேறு பொங்குகிறது. இவர் ரொட்டி வெட்டும் கத்தியை வைத்துக்கொண்டு கதவைச் சுரண்டுகிறார்.

மூன்று மணி நேரம் உள்ளே இருந்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. முதலில் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டோம்.

"செப்டம்பர்லயே இழைச்சிருந்தா இப்ப இந்தக் கதி வந்திருக்குமா?"

"ஆள் வந்து பாக்கணும்ல."

"வரட்டும். வந்து என் எலும்பைப் பாக்கட்டும்."

இதற்கிடையே மறுபடியும் ஒன்று பலமாகக் குலுக்கியது. மேலே இருந்த கண்ணாடி அலமாரி பெயர்ந்து குளியல் தொட்டிக்குள் விழுந்து நொறுங்கியது. நான் தள்ளித்தான் நின்றேன். "ரேவின், ரேவின்" என்று மெர்வ் கூப்பிட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவ்வளவு ஆத்திரம். கொஞ்சம் தவிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். கதவைச் சுரண்டும் சத்தம் நின்றது. காலடிச் சத்தம் போனது, வெளிக்கேட் கிறீச்சிட்டது. என்னை இப்படி விட்டுவிட்டு எங்கே போகிறார் என்று இன்னும் ஆத்திரமாகிக் குழாயைத் தட்டிக் கத்தினேன். ஓடி வந்தார். கடப்பாரை தேடிப் போனேன் என்றார். அதை வைத்துக் கால் மணியில் கதவைப் பெயர்த்துவிட்டார்.

அன்று ஊரில் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. அதனால் நான் மாட்டிக்கொண்ட கதையை எங்கேயும் பெரிதாகச் சொல்வதில்லை. ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் புரியவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டவள் நான். நான் சும்மா இருக்கிறேன். வெளியே நின்றவர் அந்த வாரமே வீட்டுக் கதவையெல்லாம் கழற்றிவிட்டார்.

இன்னொன்றையும் விட்டுவிட்டார். செப்டம்பருக்குப் பிறகு ஒவ்வொரு அதிர்வு வந்ததும் எங்களுக்குள் ஒரு போட்டி இருந்தது. ரிக்டர் அளவு எவ்வளவு என்று ஆளுக்கொரு எண் சொல்வோம், அப்புறம் கம்ப்யூட்டரில் பார்ப்போம், தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். ஊரில் எல்லார் வீட்டிலும் இதுதான். மெர்வ் அதில் புலி, நான்தான் அந்த ஐந்து மாதமும் கழுவினேன். பிப்ரவரிக்குப் பிறகு அதிர்வு வந்தால் அவர் எண்ணே சொல்வதில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று வந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

சாக்கடைக் குழாயெல்லாம் உடைந்துபோய் ஏழு மாதம் தெருவோரத்துப் பிளாஸ்டிக் கழிப்பறைக்குத்தான் போனோம். அதற்குக் கதவு உண்டு. நான் உள்ளே போனால் இவர் வெளியே காவல் நிற்பார். எதிர்வீட்டுக்காரர்கள் கையசைப்பார்கள், இவரும் அசைப்பார். பிறகு காப்பீட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இதுவரை ஒன்பது பேர். எல்லாரும் ஒரு கோலிக்குண்டைத் தரையில் உருட்டிவிட்டு, அது ஓடுவதைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். ஏழாவதாக வந்தவன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "குளியலறைக் கதவு இறுகுதுன்னு போட்டிருக்கே, கதவு எங்க?" என்றான். கேரேஜில் என்றேன். யோசித்துவிட்டு எழுதினான். எட்டிப் பார்த்தேன். 'கதவு இல்லை. ஆகவே கதவில் கோளாறு இல்லை.'

போன திங்கட்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. இருமி இருமி விலா வலிக்கிறது, இவர் குனிந்து காலைப் பார்க்கிறார்.

"மெர்வ், நல்லாக் கேட்டுக்கோ. சனிக்கிழமைக்குள்ள இந்தக் குளியலறைக்காவது கதவு வரணும். வரலன்னா ஞாயித்துக்கிழமை நான் நெல்சனுக்கு பஸ் ஏறுறேன். நோலின் வீட்ல எல்லா ரூமுக்கும் கதவு இருக்கு."

நோலின் என் தங்கை. சும்மா மிரட்டுகிறேன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று டிக்கெட்டை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எத்தனை நாளுக்கு?" என்றார்.

"போக மட்டும்தான் எடுத்திருக்கேன்."

அவர் கொத்துக்கறி வைத்துச் சுட்ட மின்ஸ் பையை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார். "கதவு வேணாம் ரேவின்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் பிடிபிடி என்று பிடித்திருப்பேன். கெஞ்சுகிறார். அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. சொன்ன சொல்லை இனி நானும் திரும்ப வாங்க முடியாது.

ஆனால் எனக்குப் போக ஆசையா என்ன? நோலினோடு இரண்டு நாளுக்குமேல் யாராலும் இருக்க முடியாது. அதனால் நானே இறங்கினேன். பக்கத்துத் தெருவில் வீடுகளைச் செப்பனிடும் குழுவில் தவிதா என்று ஒரு சமோவாக்காரத் தச்சன் இருக்கிறான், ஆறடிக்கு மேல் உயரம். சனிக்கிழமை காலையில் மெர்வ் கிளப்புக்குப் பந்து உருட்டப் போனதும் அவனை வரச் சொன்னேன். கேரேஜிலிருந்து கதவை ஒற்றைக் கையில் தூக்கி வந்தான்.

"மத்த ஆறையும் மாட்டிரவா ஆன்ட்டி?"

"முதல்ல இத மாட்டு. இதுக்கே என்ன ரகளை நடக்கப்போகுதோ."

"அங்கிளுக்குத் தெரியாதா?"

"வந்ததும் தெரியும்."

நிலையை நிமிர்த்தி, கதவின் விளிம்பை இழைத்து, கீலுக்கு எண்ணெய் விட்டான். "ஒரு வெரல்ல தொறக்கும், பாருங்க," என்றான். ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன், திறந்தது. அவனுக்கு நான் சுட்ட நாலு சீஸ் ஸ்கோனைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பினேன். கதவைச் சாத்தினேன். ஆவி வெளியே போகாமல் என்னைச் சுற்றியே நின்றது. பதினேழு மாதம் கழித்து எனக்கென்று ஓர் அறை. கழுத்துவரை தண்ணீரில் கிடந்தேன், சந்தோஷத்தில் அழுகைகூட வந்தது.

அப்போதுதான் குலுக்கியது. பெரிதொன்றுமில்லை. தண்ணீர் அந்தக் கோடிக்குப் போய் இந்தக் கோடிக்கு வந்தது, சோப்புத் தட்டு கீழே விழுந்து உடைந்தது. நாலரை இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தலையை அலசினேன்.

கிளப் இரண்டு தெரு தள்ளித்தான். ஐந்து நிமிடத்தில் வாசலில் ஓடி வரும் சத்தம் கேட்டது. ஹாலில் ஓடி வந்த கால் குளியலறைக்கு முன்னால் நின்றது.

"ரேவின்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். கதவு வந்துவிட்டதை முதலில் பார்க்கட்டும், பார்த்து ஜீரணிக்கட்டும், அப்புறம் பேசலாம் என்று மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன். அரை நிமிடம் ஆகியிருக்கும். அவர் கதவைத் தட்டவில்லை, தள்ளவில்லை. காலடிச் சத்தம் திரும்பிப் போனது. வெளிக்கேட் கிறீச்சிட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குச் சுடுதண்ணீரிலேயே உடம்பு சில்லிட்டது. அதே காலடி, அதே கேட்.

துண்டைச் சுற்றிக்கொண்டு, ரப்பர் பூட்ஸில் காலை நுழைத்து ஓடினேன். தெருவில் தபால் பெட்டிக்குப் பக்கத்தில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெர்வ் நின்றிருந்தார். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"மெர்வ்."

திரும்பினார். என்னைத் தலையிலிருந்து பூட்ஸ்வரை பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"தள்ளியிருந்தா தொறந்திருக்குமே," என்றேன். "ஒரு வெரல் போதும்."

"தொறந்து பாத்து, நீ உள்ள கெடந்தா?"

துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன்.

"அன்னிக்கும் இங்கதான் நின்னேன்," என்றார். "என்னமோ நொறுங்கிச்சு. நீ பேசல. கடப்பாரை தேடிப் போகல ரேவின். அது என் கையிலதான் இருந்துச்சு. பக்கத்து வீட்ல அப்பத்தான் கொடுத்துட்டுப் போனாங்க. எனக்குக் கதவத் தொறக்கத் தைரியம் வரல. உன்ன விட்டுட்டு வந்து இங்க நின்னுட்டேன்."

தெற்குக் காற்று ஈரத் தலையில் ஊசியாய்க் குத்தியது. எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது. அதையெல்லாம் பார்க்கும் நிலையில் நான் இல்லை. இந்த மனுஷன் இதையா இத்தனை மாதம் உள்ளே வைத்துக்கொண்டு கதவுகளைக் கழற்றினார்? கழற்ற வைத்தது யார்?

"மெர்வ், எனக்கு அன்னிக்கு ஒண்ணும் ஆகல," என்றேன். "நீ கூப்பிட்டது கேட்டுச்சு. வேணும்னேதான் பேசாம இருந்தேன். கதவ நீ இழைக்கலன்னு கோவம்."

"எவ்வளவு நேரம்?"

"பன்னெண்டு நிமிஷம் இருக்கும்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும்தான்."

திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். நேரே குளியலறைக்குள் போய், என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திக்கொண்டார்.

"மெர்வ்."

பதில் இல்லை.

"தப்புதான். கோவம்னா வெளிய வந்து திட்டு."

பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டேன். தண்ணீர் சொட்டும் சத்தம்கூட இல்லை. உள்ளே தரையெல்லாம் ஈரம், சோப்புத் தட்டின் சில்லு வேறு கிடக்கிறது. அவருக்கு இதய மாத்திரை ஒரு நாளைக்கு இரண்டு. ஒரு விரலால் தள்ளினால் திறக்கிற கதவுதான். விரலைக் கொண்டுபோய் வைத்தேன், தள்ள முடியவில்லை. அப்படியே கதவடியில் ஹால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது, தலையில் இருந்த ஈரம் சில்லிட்டு முதுகில் இறங்கிவிட்டது.

பிறகு உள்ளேயிருந்து, கதவுக்கு மறுபக்கம், என் தலை உயரத்தில் குரல் வந்தது. அவரும் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார்.

"நாலு புள்ளி ரெண்டு."

"நாலரை," என்றேன் உடனே.